ஒன்பது பேருக்கு ஒரே பிறந்தநாள்

ஏப்ரல் 3, வியாழன்

ட்ரஸ்டில் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். கால்பந்து விளையாட வரும் பிள்ளைகள் எப்படி மாறுகிறார்கள் என்று தினமும் எழுத வேண்டுமாம். மே மாசக் கடைசியில் ஸ்வாதி மேடம் வாங்கிப் படிப்பார். நான் படித்தது அஞ்சாவது. அதுவும் டீச்சர் என் வாய்க்குப் பயந்து பாஸ் போட்டது. எழுத்துப் பிழை வந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். பரவாயில்லை, மனசில் இருப்பதை எழுதுங்கள் என்றார். என் மனசில் இருப்பதைப் படித்தால் மேடம் அடுத்த பஸ் பிடித்து ஓடிவிடுவார்.

சரி. என் பேர் பாக்கியம். வயசு நாற்பத்தேழு. வேலை, துணை அக்கா. இது ட்ரஸ்ட் வைத்த பேர். பாட்டியாகப் போகிற வயசில் ஊரே அக்கா என்று கூப்பிடுகிறது, விடுவேனா. காலையில் ஆறு மணிக்குப் பம்ப் ஹவுஸ் பின்னால் இருக்கிற மைதானத்தில் பாட்டில் துண்டு பொறுக்குவேன். தண்ணி கேன் நிரப்புவேன். முட்டை வேகவைப்பேன். ஆட்டம் முடிந்ததும் பதினாலு பெண் பிள்ளைகளையும் லிஃப்ட் ஓடாத எட்டு மாடியில் அவரவர் வீட்டு வாசலில் விடுவேன். பந்து சொல்லிக்கொடுப்பது இம்மானுவேல் மாஸ்டர். சின்ன வயசு, கழுத்தில் எப்போதும் விசில். அதனால் அவருக்கு நான் வைத்த பேர் விசில்.

ஏப்ரல் 5, சனி

மோனிஷா இன்று ஏழு பந்து பிடித்தாள். அவள்தான் எங்கள் கோல்கீப்பர். அவளுக்குக் கதவு என்று பேர் வைத்திருக்கிறேன். ஜல்லியில் விழுந்து முட்டி கிழிந்தாலும் பந்தைத்தான் முதலில் பார்ப்பாள், முட்டியை அப்புறம்தான்.

அடுத்த மாசம் ஜில்லா போட்டி. பதினாலு வயசுக்குட்பட்டவர்களுக்கு. அங்கே அரசாங்க விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க வருகிறார்கள். எடுத்துக்கொண்டால் தனிக் கட்டில், ரெண்டு வேளை முட்டை, பால், அங்கேயே பள்ளிக்கூடம். கதவு நிச்சயம் போவாள் என்று மாஸ்டர் அடித்துச் சொல்கிறார்.

அவள் போகத்தான் வேண்டும். வீடு ஏழாவது மாடியில் ஒற்றை அறை. அப்பா இல்லை. அம்மா லதா பெரிய அபார்ட்மென்டில் ஹவுஸ்கீப்பிங். இந்தப் பரீட்சையோடு மோனிஷாவையும் வேலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று லதா போன வாரமே என்னிடம் சொன்னாள். விடுதி கிடைத்தால் மட்டும் விடுவாளாம். மோனிஷாவுக்கு இது தெரியும். விழுந்து விழுந்து பிடிப்பது சும்மா இல்லை.

ஏப்ரல் 9, புதன்

முப்பது முட்டையில் நாலு அழுகல். கடைக்காரரிடம் கோழிக்கு உடம்பு எப்படி இருக்கு என்று விசாரித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 12, சனி

மாஸ்டர் போட்டிக்குப் பேர் எழுதினார். பள்ளிக்கூடச் சான்றிதழ்களை வரிசையாக வைத்துக்கொண்டு எழுதியவர் நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"என்னக்கா இது, ஒம்போது பேருக்கும் ஜூன் பத்து? ஆஸ்பத்திரில ஏதாவது ஆஃபர் போட்டாங்களா?"

"ஆமா மாஸ்டர். ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ."

அவருக்குக் கதையைச் சொன்னேன். பெருவெள்ளம் வந்தபோது நாங்கள் எல்லாரும் ஆற்றோரம் குடியிருந்தோம். வீட்டோடு காகிதமும் போய்விட்டது. அடுத்த வருஷம் லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து போட்டார்கள். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்தது. இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் பழைய ஏரியாவுக்கே வேலைக்கு ஓடவேண்டும், விடிவதற்குள் பஸ் பிடித்தால்தான் உண்டு. நான்தான் சும்மா இருந்தேன். அப்போது எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. வாய் இருக்கிறவள் போ என்றார்கள். ஒன்பதையும் வாத்துக் கூட்டம் மாதிரி ஓட்டிக்கொண்டு போனேன். அஞ்சு வயசு முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்றார் ஹெச்.எம். பாதிக்கு நாலுதான். மதியச் சாப்பாடு கிடைக்கட்டும் என்று எல்லாருக்கும் அஞ்சு முடிந்தது என்றேன். தேதி கேட்டார். என் வாயில் ஒரே தேதிதான் வந்தது. ஜூன் பத்து. ஒன்பது தடவை அதையே சொன்னேன். ஹெச்.எம். வருஷத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு, ஒன்பது இடத்தில் காப்பாளர் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் ஜூன் பத்து அன்றைக்கு ஒன்பது பேருக்கும் என் வீட்டில் கேசரி.

"ஏன்க்கா, ஜூன் பத்துதான் வரணுமா?" என்றார் மாஸ்டர்.

காலண்டரில் நல்ல நாளாக இருந்தது என்று சொல்லி வைத்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

வேறொரு அகாடமிக்காரர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். ஒரே தேதியில் ஒன்பது பேர், எல்லாம் போலி, பெரிய பிள்ளைகளை வயசு குறைத்து இறக்குகிறார்கள் என்று. போட்டி நடத்துகிறவர்கள் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எலும்பைப் பார்த்தால் வயசு தெரிந்துவிடுமாம். அந்த ஒன்பதில் கடைசிப் பட்டியலில் பேர் இருக்கிறவர்கள் மட்டும் வந்தால் போதும். பட்டியல் 22ஆம் தேதிக்குள். ஒரு பிள்ளை மாட்டினாலும் மொத்த டீமுக்கும் ரெண்டு வருஷம் தடை.

மாஸ்டர் இன்று விசிலை ஊதவே இல்லை.

ஏப்ரல் 19, சனி

மாஸ்டர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நானே போய்ச் சொன்னேன். நான் வயசைக் குறைக்கவில்லை, கூட்டினேன். உள்ளபடி பார்த்தால் இவர்கள் சான்றிதழில் இருப்பதைவிடச் சின்னவர்கள். எக்ஸ்ரே எடுத்தால் புகார் கொடுத்தவன் மூஞ்சியில்தான் கரி. மாஸ்டருக்கு உயிர் வந்தது. என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் அப்படித்தானேக்கா?"

எல்லாருக்கும் அப்படித்தான் என்றேன்.

முட்டைச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கும்போது கை தவறி நாலு உடைந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். மாஸ்டர் எல்லாருக்கும் கேக் கொடுத்தார். வேறு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

எழுதித்தான் ஆகவேண்டும். ஒன்பதில் எட்டுக்குத்தான் கூட்டினேன். மோனிஷாவுக்கு அன்றைக்கே ஆறரை நடந்துகொண்டிருந்தது. ஆற்றோரத்தில் கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் போனாள், அப்புறம் கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள். ரெண்டாம் வகுப்பு என்றால் பழைய பள்ளிக்கூடத்து டி.சி. வேண்டும் என்றார் ஹெச்.எம். டி.சி.க்கு நான் எங்கே போக. இவளுக்கும் அஞ்சுதான் என்று சொல்லிவிட்டேன். பிள்ளை ஒல்லியாகத்தான் இருந்தது, நம்பினார்கள்.

இன்று வீட்டில் விடப் போகும்போது அவளை மட்டும் கடைசியாக வைத்துக்கொண்டேன். மூணாவது மாடிப் படியில் நிறுத்தி, உனக்குக் கால் சுளுக்கு என்றேன்.

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு."

"சுளுக்குடி. மாஸ்டர் கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

அப்புறம் முழுசும் சொன்னேன். பதிமூணு இல்லை, பதினஞ்சு. எக்ஸ்ரேயில் மாட்டிக்கொள்வாய். உன்னோடு சேர்ந்து மீதிப் பதிமூணு பேரும் மாட்டுவார்கள். ஒருத்தி ஒதுங்கினால் மற்றவர்கள் ஆடலாம். சொல்லும்போதே ரெண்டு கிண்டல் செய்து பார்த்தேன், எலும்பு உனக்கு முன்னாடியே கிழவியாகிவிட்டது என்று. அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். நாலாவது மாடியிலிருந்து ஏழாவது மாடி வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டாள்.

"அப்போ எனக்கு எப்போக்கா பிறந்தநாள்?"

மழைக்காலம் என்று உங்கம்மா சொன்னதாக ஞாபகம் என்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மோனிஷா கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். கட்டை யாரும் கட்டிவிடவில்லை, அவளே கட்டியது. நொண்டிக்கொண்டே வந்தாள், நொண்டிக்கொண்டே போனாள். யாரும் பார்க்காத படிக்கட்டிலும் நொண்டினாள். மாஸ்டர் கண் கலங்கிப் பட்டியலில் அவள் பேரை அடித்தார். கட்டுக்கு மேலேயே ஐஸ் வைத்துவிட்டார்.

நடிப்பில் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாய் என்று அவளிடம் சொன்னேன். குனிந்து கட்டை இறுக்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 24, வியாழன்

ஜூன் பத்துக்காரர்கள் மீதி எட்டுப் பேருக்கும் எக்ஸ்ரே. வலிக்குமா என்று பயந்தார்கள். கையை வெட்டி வைத்துக்கொண்டு, படம் எடுத்துவிட்டுத் திருப்பி ஒட்டிவிடுவார்கள் என்றேன். அன்பரசி நிஜமாகவே அழுதுவிட்டாள். அவள்தான் இனிமேல் கோல்கீப்பர், நல்ல ஆளைப் பிடித்தோம்.

எக்ஸ்ரே எடுத்த தம்பியிடம் எலும்பில் தேதி எழுதியிருக்குமா என்று கேட்டேன். நல்ல பையன், சிரிக்காமல் படத்தைத் தூக்கிக் காட்டினான். வளர்கிற பிள்ளைக்கு எலும்பு முனையில் கோடு மாதிரி ஒரு இடைவெளி. வளர வளர அது குறைந்துகொண்டே வரும், வளர்ந்து முடிந்தால் மூடிவிடும்.

"எட்டு வயசுல எப்படி இருக்கும் தம்பி?"

அகலமாக இருக்கும் என்று விரலால் காட்டினான். அவ்வளவு வளர வேண்டியது பாக்கி இருக்கும்மா என்றான்.

வரும் வழியில் பிள்ளைகளுக்கு ரோஸ் மில்க்.

ஏப்ரல் 28, திங்கள்

எட்டுப் பேரும் சரி. அதில் நாலு பேருக்குப் பதிமூணே ஆகவில்லை. போட்டிக்காரர்கள் போன் பண்ணி மன்னிப்பே கேட்டார்கள். மாஸ்டர் ஜிலேபி வாங்கி வந்தார். மோனிஷா எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தாள், நொண்டிக்கொண்டே.

மே 4, ஞாயிறு

போட்டி. அரையிறுதி வரைக்கும் போய் ஒரு கோலில் தோற்றோம். மோனிஷா ரெண்டு நாளும் கோல் வலைக்குப் பின்னால் நின்றாள். இடது பக்கம் வருவாள், முன்னாடி ஏறு, குதிக்காதே, நில் என்று அன்பரசிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்பரசி தானாகப் பிடித்தது ஒன்று இரண்டு இருக்கும். மீதியெல்லாம் பின்னாலிருந்து வந்த குரல் பிடித்தது.

விடுதிக்கு எங்கள் டீமிலிருந்து ஒருத்தியை எடுத்தார்கள். அன்பரசியை.

மோனிஷா அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். அந்த நேரம் நொண்ட மறந்துவிட்டாள். மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 10, சனி

மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். வாங்க விசில் என்றேன். உட்காரவில்லை. மோனிஷா அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள், பதினஞ்சு வயசுக்காரங்க எங்கே சார் விளையாடுறது என்று. மீதியை அவரே பிடித்துவிட்டார்.

"கட்டு கட்டச் சொன்னது நீங்களாக்கா?"

இல்லாத சுளுக்குக்கு நீங்கள் ஐஸ் வைத்தீர்களே என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் அதற்கு மேல் சிரிக்கவில்லை.

திட்டுவார் என்று பார்த்தால் வழி சொன்னார். பெரிய பிள்ளைகளுக்கும் விடுதி இருக்கிறது, பதினேழு வயசுக்குட்பட்டவர்களுக்கு. தேர்வு 26ஆம் தேதி, பேர் கொடுக்கக் கடைசி நாள் 23. லதா கார்ப்பரேஷனில் எழுதிக் கேட்டு உண்மையான பிறப்புச் சான்றிதழை வாங்கிவிட்டாள். 2009 நவம்பர் 22. மழைக்காலம் சரிதான். இனிப் பள்ளிக்கூடத்துப் பதிவு மட்டும் மாற வேண்டும். அதற்கு அன்றைக்குத் தேதி சொல்லிக் கையெழுத்துப் போட்டவள், அது தப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஹெச்.எம். நல்ல மனுஷர், கடிதம் வந்த அன்றைக்கே மாற்றித் தருகிறேன் என்றாராம். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு தொந்தரவும் வராது, அவர்கள் எக்ஸ்ரேயில் தேறிவிட்டார்கள்.

போடுகிறேன் என்றேன். ஒரு கையெழுத்துத்தானே.

மே 14, புதன்

மைதானத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது, கோடை மழை. ஜெர்சி பதினாலும் துவைத்தேன். மோனிஷாவுடையது ஒரு நம்பர் உரிந்து தொங்கியது. தைத்து வைத்தேன்.

மே 19, திங்கள்

மாஸ்டர் கடிதத்தை டைப் அடித்துக் கொண்டுவந்தார். எனக்குப் படித்தும் காட்டினார். மேற்படி மாணவிக்கு நான் கூறிய ஜூன் 10 என்ற தேதி உண்மையல்ல, அது என் கற்பனையில் சொன்ன தேதி.

மற்றதெல்லாம் சரியாக இருந்தது. கற்பனை என்று போட்டிருப்பதுதான் சரியில்லை. ஆனால் அதை மாற்றுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார். வீட்டுக்காரர் ஒருமுறை பார்க்கட்டும், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன்.

மே 20, செவ்வாய்

கண்ணாடி உடைந்துவிட்டது, எழுத்துத் தெரியவில்லை என்று மாஸ்டரிடம் சொன்னேன். கண்ணாடி தலையில் இருந்தது. அவருக்கும் தெரிந்தது.

மே 22, வியாழன்

ரேஷனில் பாமாயில் வந்தது. வரிசையில் மோனிஷா எனக்கு முன்னால் நின்றிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பேன். அவளே விலகி, என்னை முன்னால் போகச் சொன்னாள்.

வீட்டுக்காரர் வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்புமுன் டைரிக்குள் இருந்த கடிதத்தை எடுத்துப் படித்தார். ரெண்டு தடவை படித்தார்.

"போட்டுக் குடு பாக்கியம். அவன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்."

யார் என்று கேட்டேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மே 23, வெள்ளி

இட்லிக்கு மாவு அரைத்தேன். மாஸ்டர் ஆறு தடவை போன் பண்ணினார். கிரைண்டர் சத்தத்தில் கேட்கவில்லை.

மே 31, சனி

ட்ரஸ்ட் ஆண்டு விழா. சிறந்த துணை அக்கா என்று எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். கூட்டத்தைச் சிரிக்க வைத்துப் பேசினேன். ஸ்வாதி மேடத்துக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. மாஸ்டர் கை தட்டினார், என்னைப் பார்க்காமல்.

டைரியை மேடம் கேட்டார். கொடுத்தேன். இது இல்லை. போன வாரமே வேறு நோட்டு வாங்கி, முட்டை, மழை, ரோஸ் மில்க் எல்லாம் எழுதிவைத்துவிட்டேன். பிள்ளைகள் நல்லபடியாக மாறுகிறார்கள் என்று பக்கத்துக்கு ஒரு தரம் போட்டிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

கேசரி. முந்திரி கொஞ்சம் கருகிவிட்டது. எட்டுப் பேர் வந்தார்கள். அன்பரசி நாளைக்கு விடுதிக்குப் போகிறாள், புதுப் பெட்டியைக் காட்டத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். பெட்டி இவளைவிடப் பெரிசு, இவளை உள்ளே வைத்துப் பூட்டிப் பார்சல் அனுப்பிவிடலாம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் இந்த ஒரு நாள் கேசரி தொடமாட்டார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு லதா வேலை செய்கிற அபார்ட்மென்டுக்குப் போனேன். நாலு மணிக்கு டீ நேரத்தில் பின் கேட்டுக்கு வந்தாள் மோனிஷா. சாம்பல் கலர் யூனிஃபார்ம், தோள் இறங்கித் தொங்கியது. கழுத்தில் அட்டை. நொண்டல் இல்லை.

"என்ன கதவு, இங்க யார் வீட்டுக் கதவைத் துடைக்கிற?" என்றேன்.

சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"இன்னைக்கு எனக்கு இல்லையேக்கா."

தம்பிக்குக் கொடு என்றேன். சரி என்று மூடினாள். வேறு என்ன பேசுவது. இங்கே வயசு கேட்கவில்லையா என்று கேட்டுவைத்தேன்.

"பதினெட்டுன்னு அம்மா சொல்லிட்டாங்க. இப்போ எனக்குப் பதினெட்டுக்கா."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஓடிவிட்டாள். ரெண்டு மாசத்துக்குள் அந்தப் பிள்ளைக்குப் பதிமூணு, பதினஞ்சு, பதினெட்டு. ஏதாவது கிண்டலாகச் சொல்லலாம் என்று பஸ் வரும் வரைக்கும் நின்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

என் பையன் தினேஷ் அந்த வெள்ளத்தில் போகாமல் இருந்திருந்தால் இன்றோடு அவனுக்கும் பதினெட்டு முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து டைரிக்குள் இருந்த கடிதத்தை எடுத்தேன். கற்பனை என்கிற சொல்லை மட்டும் பேனாவால் அடித்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன். தேதி என்று இருந்த இடத்தில் ஜூன் பத்து என்று எழுதினேன்.